கதிர்காம நடைக்கு சின்ன தையல் பொட்டி ஒண்டு, உள்ளுக்க என்னத்த வைக்கலாம்?

வாவிக்கரைப் பொடியன்:
வணக்கம் எல்லாருக்கும். போன வருசம் கதிர்காமக் கோயிலுக்கு கால்நடையா உகந்தையால காட்டுக்குள்ள இறங்கி நடந்தம், குமுக்கன் ஆத்துக்கு கிட்டப் போகக்குள்ள என்ட பேக்குட வலப்பக்க வார் மேல்மூட்டோட பிஞ்சு தொங்கிட்டு. உள்ளுக்க அரிசி, பருப்பு, தண்ணிப் போத்தல், படங்கு எல்லாம் கிடக்கு. கடைல விக்கிற குட்டி தையல் செட் ஒண்டு கொண்டு போயிருந்தன், பத்துக் கலர்ல நூல் சுத்தி ரெண்டு ஊசியோட வருமே அதுதான், இருந்து ஆறுதலா தைச்சன், எழும்பி நடக்க கொஞ்ச நேரத்துல படபடண்டு திரும்பப் பிஞ்சிட்டு. மறுகா சாரனக் கிழிச்சு கட்டி நாவலடி, வியாழை எல்லாம் ஒத்தத் தோள்ளயே சுமந்து போய்ச் சேந்தன். இந்த முறை அம்மாவும் வாறா, ரெண்டு பேர்ர சாமானும் என்ட முதுகுலதான். பாரம் கூடாம, கைக்குள்ள அடங்குற மாதிரி ஒரு செட் நானே சேக்கணும். என்ன ஊசி, என்ன நூல், வேற என்ன தேவைப்படும்? நடந்த ஆக்கள் சொல்லுங்க.

மருதமுனைத் தையல்காரர்:
தம்பி, அந்த செட்டுல வாற நூல் சட்டைக்கு பொத்தான் தைக்கத்தான் காணும், வாருக்கு அது எந்த மூலைக்கு. தடிச்ச பொலியஸ்டர் நூல் வாங்குங்க, ஜீன்ஸ் தைக்கிறதுண்டு கேட்டா கடைல தருவாங்க. பருத்தி நூல் வேணாம், வேர்வையும் ஆத்துத் தண்ணியும் பட்டுப் பட்டு இத்துப் போயிரும். 5 மீற்றர் காணும், மட்டைத் துண்டுல சுத்தி வைங்க, மெழுகுதிரில ரெண்டு தரம் இழுத்து எடுத்தா சிக்கும் விழாது.

ஆனா நூல மட்டும் குத்தம் சொல்லவும் ஏலாது. நீங்க பிஞ்ச விளிம்புலயேதான் தைச்சிருப்பீங்க. அந்த இடத்துல துணி ஏற்கனவே நைஞ்சு போன மாதிரித்தான். வார ஒரு விரல் அளவு உள்ளுக்க தள்ளி, நல்ல துணில வைச்சு, அடிப்பக்கமா ஒரு தடிச்ச துண்டும் குடுத்து, நாலு பக்கமும் பெட்டி மாதிரி தைச்சு நடுவுல பெருக்கல் குறி மாதிரி குறுக்கால ரெண்டு ஓட்டம் ஓடுங்க. ஒவ்வொரு தையலையும் பாதி பின்னுக்கு வந்து திருப்பிப் போடணும். சும்மா முன்னுக்கு ஓடிட்டுப் போனா ஒரு இடத்துல அறுந்தாலும் முழுக்க உருவிட்டு வந்திரும்.

நாலு தரம் நடந்தவன்:
நான் ஊசியே கொண்டு போறல்ல. சூப்பர் குளூ ரெண்டு டியூப், அகலமான டேப் கொஞ்சம், சட்டைப்பின் பத்து. எல்லாத்துக்கும் அது போதும்.

மருதமுனைத் தையல்காரர்:
டேப்புக்கும் பின்னுக்கும் நான் ஓம். குளூவ மட்டும் பருத்தித் துணில ஊத்திராதீங்க, சூடேறிப் புகைக்கும், கைல சாரன்ல பட்டா சுட்டுரும். அதோட அது காஞ்சா கல்லு மாதிரி, வளையிற இடத்துல நிக்காது, வெடிச்சிரும். செருப்பு அடி கழண்டா வேணுமெண்டா ஒரு நாளைக்கு தாக்குப்பிடிக்கும்.

வாவிக்கரைப் பொடியன்:
ஊசி விசயத்தச் சொல்லல்லயே. இண்டைக்கு வீட்டுல பழைய பேக்க வைச்சு பழகிப் பாத்தன், மூணு மடிப்புக்குள்ள குத்தக்குள்ள ஊசி முறிஞ்சு விரல்லயும் ஏறிட்டு. சாக்கூசி எடுக்கட்டா? நூலுக்கு தங்கூஸ், மீன் புடிக்கிற ஒத்தை நைலோன் நரம்பு, கிடக்கு வீட்டுல, அப்பாட வலச் சாமானுக்குள்ள.

கல்லாத்து அக்கா:
தங்கூஸ் வேணாம் மனே. அது வழுக்கும், முடிச்சு நிக்காது, பாரம் இழுக்க துணியையே அறுத்துப் போட்டிரும். அப்பாட சாமானுக்குள்ள முறுக்கின நைலோன் நூல் கிடக்கும் பாருங்க, வலை பொத்துறது, அதுல மெல்லிசா ஒண்டு எடுங்க. மூணு முடிச்சு போட்டு நுனிய லைட்டரால சுட்டு உருக்கி விட்டா அவிழாது.

சாக்கூசி பெரிய ஓட்டை போடும், படங்குல எண்டா அதால மழையும் ஒழுகும். தோல் தைக்கிற ஊசியும் எடுக்காதீங்க, அதுட முனை மூணு பக்கமும் கூர், வாருட இழையையே வெட்டிரும். காது பெரிய, கொஞ்சம் தடிச்ச ஊசி ரெண்டு, சாதாரண ஊசி ஒண்டு. தள்ளுறதுக்கு விரல நம்பாதீங்க, பத்து ரூவாக் காசுக் குத்தி ஒண்ட ஊசிட குண்டியில வைச்சு அழுத்துங்க, சின்னக் குறடு இருந்தா மற்றப் பக்கத்தால இழுங்க. ஊசியெல்லாம் மை முடிஞ்ச பேனைட வெத்துக் குழாய்க்குள்ள போட்டு ரெண்டு பக்கமும் அடைச்சா குத்தாது, துருவும் பிடிக்காது.

மறுகா செருப்பு. காட்டுக்குள்ள அம்மா வெறுங்காலோட நடப்பாவோ தெரியா, ரப்பர் செருப்பெண்டா முன் வாருட குமிழ் ஓட்டைக்குள்ளால உருவிட்டு வாறதுதான் நடக்கும். குமிழத் திரும்ப அடிப்பக்கமா இழுத்து, செருப்புக்கு கீழ தெரியிற கழுத்துல ஒரு சட்டைப்பின்ன குறுக்கால குத்திப் பூட்டி விடுங்க, அவ்வளவுதான், பின்னு தடுத்துக்கொண்டு நிக்கும். எங்கட உம்மம்மா காலத்து வேலை. வெறுங்காலெண்டா முள்ளுவாங்கி ஒண்டும், முள்ளெடுக்க எண்டே தனியா ஒரு ஊசியும் வைங்க, பேக் தைச்ச ஊசிய காலுக்குள்ள விடப்படாது, நெருப்புல காட்டிட்டு எடுங்க.

நாலு தரம் நடந்தவன்:
அக்கா சொன்ன செருப்பு வேலைக்குத்தான் நான் பத்துப் பின் கொண்டு போறது, சொல்ல மறந்திட்டன். டேப்ப முழு உருளையா கொண்டு போகாதீங்க, லைட்டர சுத்தி ரெண்டு மீற்றர் சுத்தினா காணும். பேக்குட சிப் மணல் புடிச்சு வாயத் திறந்துகொண்டு நிண்டா பழைய பல்துலக்கிற பிரசால தட்டி, மெழுகுதிரிய தேச்சு விடுங்க. அதுக்கும் மூடல்லயெண்டா சிப்புட தலைய குறட்டால ரெண்டு பக்கமும் மெல்ல, மெல்லவெண்டா மெல்ல, நெரிச்சு பாருங்க. பலமா நெரிச்சா முறிஞ்சிரும், நான் முறிச்சவன்.

வாவிக்கரைப் பொடியன்:
நேத்து பின்னேரம் தையல்கார அண்ணன் சொன்ன மாதிரி பெட்டியும் பெருக்கலுமா, அக்கா சொன்ன நைலோன் நூலால தைச்சு, பேக்குக்குள்ள எட்டுத் தேங்காய் போட்டு மாங்கொப்புல தொங்கவிட்டன். விடிய எழும்பிப் பாத்தன், அப்படியே கிடக்கு, ஒரு தையலும் அசையல்ல. சாமானெல்லாம் இருமல் முட்டாசி வந்த தகர டின்னுக்குள்ள அடங்கிட்டு, குறடு மட்டும் வெளியால. ஒரு சிக்கல்தான், பின்னேரத்து வெளிச்சத்துல அந்தக் காதுக்குள்ள நூல் கோக்க எனக்கே ஏலாமக் கிடக்கு, அம்மா கண்ணாடி போட்டும் சரிவரல்ல.

கல்லாத்து அக்கா:
வீட்டுலயே மூணு ஊசியிலயும் நூலக் கோத்து, மட்டைல சுத்தி வைச்சிட்டுப் போங்க மனே.