டைம்ஷீட்டில் இரண்டு மணி நேரம் கூட்டிப் போடச் சொல்கிறார்கள். எப்படி மறுப்பது?

வழிப்போக்கி எழுதியது:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் வேலை செய்யும் நிறுவனத்தில் வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் போடுவார்கள். வேலை ஆறு மணி நேரத்தில் முடிந்தாலும் டைம்ஷீட்டில் எட்டு என்று போடுவது எங்கள் குழுவில் வழக்கமாம். நான் புதிதாக வந்தவள், முதல் ஷீட்டை உள்ளபடியே அனுப்பிவிட்டேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டார். கோபமே இல்லாமல், "நீ ஆறு போட்டா மத்தவங்க எட்டு போட்டது உறுத்தும்ல? எல்லாரும் போடுற மாதிரி போடும்மா" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாக உட்கார்ந்து எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். அதனால்தான் கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பணம் என் கைக்கு வரப்போவதும் இல்லை. ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு, ஜெபத்தை விடாததால் சிங்கக்கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போடப்பட்ட தானியேலைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கிறேன். சிங்கக்கெபி என்றால்கூட நின்றுவிடுவேன் போலிருக்கிறது, இந்த இரண்டு மணி நேரத்துக்கு முடியாது என்று சொல்லத்தான் வாய் வரவில்லை. "பெரிய பரிசுத்தவாட்டி" என்று பெயர் வாங்காமல் இதை எப்படிச் சொல்வது?

கிருபையே_போதும் எழுதியது:

சிஸ்டர், ரொம்பக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நாம் கிரியையினால் அல்ல, கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள். கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குவதைத்தான் ஆண்டவர் கண்டித்தார். முடிவெடுத்தது மேலதிகாரி, பொறுப்பும் அவருடையது. மன அமைதியோடு வேலையைப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர் எழுதியது:

தம்பி, கிருபையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் அந்த ஒட்டக வசனத்துக்கு முந்தின வசனத்தையும் படியுங்கள், மத்தேயு 23:23. சீரகத்தில்கூட தசமபாகம் செலுத்துகிறவர்களிடம் ஆண்டவர் "சீரகத்தை விடு" என்று சொல்லவில்லை. நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டீர்களே என்கிறார், அதையும் செய்ய வேண்டும், இதையும் விடக்கூடாது என்கிறார். அப்புறம், இங்கே இது கொசுவும் இல்லை. செய்யாத வேலைக்கு ஒருவர் பணம் கட்டுகிறார். ஷீட்டில் இருப்பது மேலதிகாரியின் பெயர் அல்ல, இந்த மகளின் பெயர்.

மகளே, நீங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிற தானியேல் ஆறாம் அதிகாரத்தை ஒரு கணக்குக்காரன் கண்ணோடு படித்துப் பாருங்கள். தானியேல் சிங்கக்கெபியில் போடப்படுவது 16ஆம் வசனத்தில்தான். அதிகாரம் தொடங்குவதே கணக்கில். 120 தேசாதிபதிகள், அவர்கள் கணக்கு ஒப்புவிக்க அவர்களுக்கு மேலே மூன்று பிரதானிகள், ராஜாவுக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அந்த மூவரில் ஒருவன் தானியேல். அவனைக் கவிழ்க்க நினைத்தவர்கள் முதலில் தேடியது அவனுடைய நிர்வாகத்தில். ஒரு குறையும் அகப்படவில்லை. அதற்குப் பிறகுதான் அவனுடைய ஜெபத்தின்மேல் கை வைத்தார்கள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைப் பார்த்தே பிழைத்த எனக்கு அந்த நான்காம் வசனம் சிங்கங்களைவிடப் பெரியது. சிங்கக்கெபி ஒரே ஒரு ராத்திரி. கணக்கு அவன் பதவியில் இருந்த ஒவ்வொரு நாளும்.

எங்கள் தொழிலில் பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு டொனால்ட் கிரெஸ்ஸி என்ற குற்றவியல் அறிஞரைப் பற்றிச் சொல்வோம். நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடி சிறைக்குப் போனவர்களிடம் பேசி, 1953இல் தன் ஆய்வை வெளியிட்டவர். அவர் கண்டதில் என்னை மிகவும் பாதித்தது ஒன்று உண்டு. கை பணத்தைத் தொடுவதற்கு முன்பே மனசு ஒரு சமாதானத்தைத் தயார் செய்துவிடுகிறது. "கடனாகத்தான் எடுக்கிறேன், திருப்பி வைத்துவிடுவேன்" என்பதுபோல. "எல்லாரும் போடுறாங்க", "என் கைக்கு வரப்போறதில்லை" என்பதும் அந்த ரகம்தான். உங்கள் பதிவில் அந்த இரண்டாவது வரி ஏற்கெனவே வந்துவிட்டது, பாருங்கள். குறை சொல்லவில்லை. அதை இப்போதே பிடித்து வெளியே போட்டுவிடுங்கள்.

பரிசுத்தவாட்டி பட்டத்துக்கு ஆதியாகமம் 14. ஆபிராம் போரில் மீட்டுக்கொண்டு வந்த பொருள்களை நீயே எடுத்துக்கொள் என்கிறான் சோதோமின் ராஜா. செருப்பு வார்கூட வேண்டாம் என்கிறார் அவர். அந்த இடத்தில் நின்று யோசித்துச் சொன்ன பதில் அல்ல அது. கர்த்தருக்கு நேராகக் கையை உயர்த்தி முன்பே தீர்மானித்திருந்தார். அதே மூச்சில், என்னோடு வந்த ஆநேர், எஸ்கோல், மம்ரே தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். தன் தீர்மானத்தை அவர்கள் தலையில் கட்டவில்லை. அவர்கள் வாங்கியது நியாயமான பங்கு, உங்கள் குழு போடுவது பொய்க்கணக்கு. அந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டேன். ஆனாலும் அவருடைய தொனியை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

நள்ளிரவு_ஷிப்ட் எழுதியது:

ஐயா சொன்னதோடு ஒன்று. எது வேலை நேரம் என்பதிலேயே குழப்பம் இருக்கலாம். மின்னஞ்சல் படித்தது, கூட்டத்துக்குத் தயாரானது, சரிபார்த்தது எல்லாம் வேலைதான். அதையும் சேர்த்தால் ஆறு என்பது நியாயமாகவே ஆறரை ஆகலாம். விதி என்ன என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வேலையையும் முடித்த கையோடு நேரத்தைக் குறித்து வையுங்கள். சாயங்காலம் நினைவிலிருந்து எழுதினால் எண் தானாகவே ஏறிவிடும்.

வழிப்போக்கி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தணிக்கையாளர் ஐயா, அவரிடம் என்ன வார்த்தையில் சொல்வது? அதையும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற_தணிக்கையாளர் எழுதியது:

தனியாகப் போய்ப் பேசுங்கள், குழுவின் முன்னால் வேண்டாம். வேதவசனம் எதுவும் சொல்ல வேண்டாம். "சார், நீங்கள் கற்றுக்கொடுத்த வேலை இது. நான் செய்த நேரத்தை மட்டும்தான் என் பெயரில் போட முடியும். மீதி நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள், செய்கிறேன்." இவ்வளவு போதும். மற்றவர்களின் ஷீட்டைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்காதீர்கள், யாராவது நேரடியாகக் கேட்டால் பொய்யும் சொல்லாதீர்கள். அவர் முகம் சுருங்கலாம், நல்ல வேலைகள் கொஞ்ச காலம் உங்களுக்கு வராமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டே போங்கள். ஷீட் அனுப்புகிற நாளுக்கு முன்பே பேசிவிடுங்கள், அன்றைக்குப் போய் நின்றால் அவசரம் உங்களுக்காக முடிவெடுத்துவிடும். எந்த நாள் பேசப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், நானும் என் மனைவியும் அன்றைக்கு ஜெபிக்கிறோம்.