நுவரெலியாவில் பழைய 40 குதிரைவலு மோட்டர்: நாலு பேர் ஏறினா போட் எழும்பவே மாட்டேங்குது

கேள்வி (நுவரெலியா)
15 அடி ஃபைபர் போட். மோட்டர் ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக், ஓயிலைக் கையால கலந்து ஊத்துற பழைய வகை. நீர்கொழும்புக் களப்பில் ஓடினது, எதையும் மாத்தாம அப்படியே கிரகரி வாவிக்கு வந்திருக்கு. களப்பில் நாலு பேரோட ஃபுல் திராட்டிலில் 5,200 ஆர்பிஎம், ஃபோன் ஜிபிஎஸ்ஸில் 44 கிலோமீட்டர். இங்க நாலு பேர்னா 3,800-ஐத் தாண்டாது; மூக்கைத் தூக்கிக்கிட்டு தண்ணியை உழுதுக்கிட்டே போகுது. ரெண்டு பேர்னா தண்ணிக்கு மேல எழும்பும், 4,400 வரும். ஐட்லிங்கில் புகை கூட, பிளக்கைக் கழட்டினா கறுப்பா ஈரம். புரொப்பெல்லர் 13 பிட்ச் (ஒரு சுத்துக்கு முன்னால தள்ளுற அங்குலக் கணக்கு). அதுக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ் வழுக்குது, புதுசு வாங்குன்னு ஒருத்தர் சொல்றார். வாங்கலாமாண்ணே?

பதில் (நீர்கொழும்பு)
காசை வச்சிரு தம்பி. புஷ் வழுக்கினா ஆர்பிஎம் ஏறும், போட் போகாது. உனக்கு ஆர்பிஎம்மே ஏறல்ல. சந்தேகம்னா புரொப்பெல்லரின் உள் புஷ்ஷில் இருந்து வெளிக் குழாய் வரைக்கும் நகப்பூச்சால ஒரே கோடு போடு. ஃபுல்லில் ஓட்டிட்டு வந்து பார். கோடு முறிஞ்சிருந்தா மட்டும் புஷ்.

நுவரெலியா 1,868 மீட்டர். அங்க காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருக்கிறதில் ஐந்தில் நாலு பங்குதான். 40 குதிரைவலு 32 மாதிரித்தான் இழுக்கும். ஆனா எல்லாப் பழியையும் மலை மேல போடாம மூணு விஷயம் பார்:

ஃபுல்லில் திணறும்போது பெற்றோல் பல்பை (ஹோஸில் இருக்கிற ரப்பர் உருண்டை) அமுக்கு. உடனே பிடிச்சு ஓடினா ஃபியுவல் பம்ப் டயஃப்ரம், காத்து இழுக்கிற ஹோஸ், இல்லாட்டி டேங்க் மூடியின் காற்றுத் திருகு.

எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழட்டு. ஒருத்தர் திராட்டிலை முழுசாத் திருப்பட்டும், நீ காபரேட்டர் வாய்க்குள்ள பார். உள்தகடு காத்துப் போற வழிக்கு நேராப் படுத்திருக்கணும்.

கம்ப்ரஷன்: ரெண்டு பிளக்கையும் எடு, வயர்களை எஞ்சின் உடம்பில் ஏர்த் பண்ணு (இல்லாட்டி ஸ்பார்க் குடுக்கிற சிடிஐ பெட்டி போயிடும்), பிளக் துளையில் கம்ப்ரஷன் கேஜைப் பூட்டி, திராட்டில் முழுசாத் திறந்தபடி ஸ்டார்ட் கயிற்றை ஆறு இழுவை. ரெண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது.

கேட்டவர்
கோடு முறியல்ல. பல்பை அமுக்கினா இன்னும் கொஞ்சம் திணறுது. தகடு சரிஞ்சு நின்னுச்சு, கேபிள் நீண்டு போயிருந்தது. சரி பண்ணினதும் நாலு பேரோட 4,100. கம்ப்ரஷன் 94, 91 பிஎஸ்ஐ. இது செத்த எஞ்சினா?

பதில் (காசல்ரீ பக்கம்)
இல்ல. கடல்மட்டத்தில் 115 காட்டுற எஞ்சின் நுவரெலியாவில் 92தான் காட்டும், கேஜும் அதே மெல்லிய காத்தைத்தான் அமுக்குது. ரெண்டும் ஏறக்குறைய சமம், அது போதும்.

பல்பை அமுக்கத் திணறுதுன்னா பெற்றோல் ஏற்கனவே கூட. காத்து குறைஞ்சிருக்கு, ஜெட் (காபரேட்டரில் பெற்றோலை அளந்து விடுற துளைத் திருகு) கடலோரத்து ஜெட். மெயின் ஜெட்டில் இருக்கிற நம்பரைப் பார்த்து ஒரு அளவு சின்னது போடு. ரெண்டு காபரேட்டர்னா ரெண்டிலும். பிறகு ஃபுல்லில் ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி, ஐட்லிங்குக்கு இறக்காம அப்படியே கில் கயிற்றை இழுத்து நிறுத்தி பிளக்கைக் கழட்டு. பீங்கான் பிளேன்டீ நிறத்தில் இருந்தா சரி. கறுப்புன்னா இன்னொரு அளவு இறக்கு. வெள்ளைன்னா அதிகமா இறக்கிட்டே, பழையபடி ஏத்து.

புகையைக் குறைக்க ஓயிலைக் குறைக்கிறாங்க சிலர், அது மடத்தனம். ஓயில் குறைஞ்சா அந்த இடத்துக்கும் பெற்றோல்தான் போகும். 50:1னா லீட்டருக்கு 20 மில்லி, 24 லீட்டர் டேங்குக்கு 480.

புரொப்பெல்லர் வாங்குறதுன்னா இப்ப வாங்கு, ஆனா 11 பிட்ச். ஒரு அங்குலம் குறைஞ்சா 150 முதல் 200 ஆர்பிஎம் ஏறும். எங்க காசல்ரீ நீர்த்தேக்கம் ஏறக்குறைய 1,100 மீட்டர்தான், அங்கயே 12 தேவைப்படும்.

பதில் (ஹட்டன்)
எல்லாரும் எஞ்சினுக்குள்ளயே நிக்கிறீங்க. பழைய ஃபைபர் போட்டில் தரைக்கு அடியில் இருக்கிற ஃபோம் தண்ணி குடிச்சிருந்தா 100 கிலோ சும்மா சுமக்கும், அது ஒண்ணரை ஆள். தரைத் தகட்டில் மட்டும் 6 மில்லிமீட்டர் துளை போட்டு ஃபோமைக் கிள்ளிப் பார், பிழிஞ்சா தண்ணி வருதான்னு. பிறகு எப்பொக்சியால அடைச்சிடு. மூக்குத் தூக்கலுக்கு டில்ட் பின்னை (மோட்டரின் சாய்வைப் பிடிச்சு வைக்கிற கம்பி) ஒரு துளை போட் பக்கமா மாத்து.

கேட்டவர்
ஃபோம் காய்ஞ்சுதான் இருக்கு. ஜெட் ஒரு அளவு சின்னது, 11 பிட்ச், பின் ஒரு துளை உள்ளே. நாலு பேரோட 4,850, 36 கிலோமீட்டர், எழும்புது. பிளக் பிளேன்டீ நிறம். 44 வராதா?

பதில் (காசல்ரீ பக்கம்)
வராது. அந்த எட்டு கிலோமீட்டருக்கு வேண்டிய காத்து அங்க இல்ல. ஒண்ணு மட்டும்: போட்டைத் திரும்ப நீர்கொழும்புக்கு இறக்கினா ஓட்டுறதுக்கு முந்தி பழைய ஜெட்டும் 13 பிட்சும் ஏத்து. சின்ன ஜெட்டோட கீழ ஃபுல்லில் ஓட்டினா பெற்றோல் போதாம பிஸ்டன் உருகும். 11 பிட்சோட ஆர்பிஎம் 5,500-ஐத் தாண்டிடும். கழட்டின ஜெட்டை ஒரு சின்னப் பையில் போட்டு எஞ்சின் மூடிக்குள்ளயே கட்டி வை.