மாஸ்டரும் மார்கரீட்டாவும்: இதை எந்த வகை நாவலாக எடுத்துக்கொண்டு படிப்பது?

கேள்வி: ஆற்றங்கரை

மிகயீல் புல்ககோவின் 'மாஸ்டரும் மார்கரீட்டாவும்' நாவலை ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். 16ஆம் அத்தியாயம் முடிந்திருக்கிறது. சாத்தான் ஒரு வெளிநாட்டுப் பேராசிரியராக மாஸ்கோவுக்கு வருவதும், பூங்காவில் உட்கார்ந்து நாத்திகம் பேசிய பத்திரிகை ஆசிரியர் பெர்லியோஸின் தலை சற்று நேரத்தில் டிராம் சக்கரத்தில் துண்டாவதுமாக ஆரம்பம் அமர்க்களமாகவே இருந்தது. ஆனால், அதற்கு நடுவே இரண்டாம் அத்தியாயத்தில் கதை எருசலேமுக்குப் போய், ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து ஒற்றைத் தலைவலியோடு ஒரு கைதியை விசாரிப்பதை விரிவாகச் சொல்லத் தொடங்கிவிடுகிறது. தலைப்பில் இருக்கும் மாஸ்டர் 13ஆம் அத்தியாயத்தில்தான் தலைகாட்டுகிறார். மார்கரீட்டாவை நேரில் பார்க்க இரண்டாம் பாகம்வரை காத்திருக்க வேண்டுமாம். இதை அரசியல் நையாண்டியாகப் படிப்பதா, சரித்திர நாவலாகப் படிப்பதா, பேய்க்கதையாகப் படிப்பதா? பிலாத்து அத்தியாயங்களை மட்டும் ஒதுக்கி வைத்து, கடைசியில் ஒன்றாகச் சேர்த்துப் படித்தால் தெளிவு கிடைக்குமா?

பதில் 1: பழைய அலமாரி

தயவுசெய்து அப்படிப் பிரித்துப் படிக்காதீர்கள். பிலாத்து கதை மொத்தம் நான்கே அத்தியாயங்கள்தான். முதலாவதை வோலண்ட், அதாவது பேராசிரியராக வந்த அந்தச் சாத்தான், வாயால் சொல்கிறான். நீங்கள் இப்போது முடித்த 16ஆம் அத்தியாயம் மருத்துவமனையில் கிடக்கும் கவிஞன் இவானின் கனவாக வருகிறது. மீதி இரண்டும் மாஸ்டரின் கையெழுத்துப் பிரதியிலிருந்து வரும். சாத்தானின் பேச்சு, பித்துப் பிடித்தவனின் கனவு, ஓர் எழுத்தாளரின் நாவல் என மூன்று வெவ்வேறு இடங்களிலிருந்து வந்தும், கதை ஒரே நடையில், விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது என்பதுதான் இதிலுள்ள வியப்பு. சேர்த்துப் படித்தால் அது தெரியாமலே போய்விடும்.

எந்த வகை என்ற கேள்விக்கு, இரண்டு கதைகளின் தொனியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்பதே என் பதில். வேதாகமக் கதை என்றால் அற்புதங்களை எதிர்பார்ப்போம். எருசலேம் அத்தியாயங்களிலோ நடை வறண்டு, வெயிலும் தூசியும் ரோஜா எண்ணெயின் வாடையுமாக, ஒரு வழக்குக் குறிப்பைப் போல இருக்கிறது. பிலாத்து தன் நாயை நினைத்து ஏங்குவதைக் கைதியான யேசுவா (நாவலில் இயேசுவின் பெயர்) சொல்லிவிடுகிறான். அது எப்படித் தெரிந்தது என்று கேட்டால், எதையோ தடவிக்கொடுப்பதுபோல நீங்கள் காற்றில் கையை அசைத்தீர்கள் என்று மிக எளிதாக விளக்கம் தருகிறான். அற்புதங்கள் நடப்பதெல்லாம், கடவுளும் இல்லை சாத்தானும் இல்லை என்று சோவியத் அரசாங்கமே அறிவித்துவிட்ட மாஸ்கோவில். அதைச் சொல்பவனோ தெருமுனையில் நின்று ஊர்வம்பு பேசுகிறவனைப்போலச் சொல்கிறான். இந்தத் தலைகீழ் மாற்றத்துக்காகவே புல்ககோவுக்கு அத்தனை வகைகளும் தேவைப்பட்டன என்று நினைக்கிறேன்.

நான்காம் அத்தியாயத்தில் சாத்தானின் கூட்டாளியான பூனை டிராமில் ஏற முயலும் இடத்தை மறுபடி படியுங்கள். கம்பியைப் பிடித்து ஏறி, பத்துக் கோபெக் நாணயத்தை நடத்துநரிடம் நீட்டுகிறது. அந்த அம்மாள், பூனைகளுக்கு அனுமதி இல்லை, இறங்கு என்று கத்துகிறாள். பூனை ஏறியதுகூடப் பெரிதில்லை, அது காசு கொடுக்க வந்தது யாருக்கும் உறைக்கவில்லையே என்று கதைசொல்லி அங்கலாய்க்கிறான். பயம், சிரிப்பு, அதிகாரத்தின் மீதான கிண்டல் மூன்றும் அந்த ஒரு பத்தியில் இருக்கின்றன. எது எந்த வகை என்று அதை எப்படிப் பிரிப்பீர்கள்? வேதாளம் முருங்கை மரம் ஏறியதை மறுகேள்வி இல்லாமல் கேட்டு வளர்ந்த நமக்கு டிராம் ஏறும் பூனை ஒரு சிக்கலே இல்லை.

பதில் 2: செந்தூரம்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால், மாயம் போலத் தோன்றும் பலவும் அந்தக் காலத்து மாஸ்கோவின் அன்றாடம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 15ஆம் அத்தியாயத்தில் வீட்டுச் சங்கத் தலைவர் காணும் கனவில், ஒரு நாடக அரங்கில் தரையில் உட்காரவைக்கப்பட்டவர்களிடம், பதுக்கிய அந்நியச் செலாவணியை ஒப்படைக்கும்படி மேடையிலிருந்து கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 1930களின் தொடக்கத்தில் ரகசியப் போலீஸ், தங்கமும் வெளிநாட்டுப் பணமும் வைத்திருப்பதாகச் சந்தேகித்தவர்களை உண்மையிலேயே பிடித்து அடைத்துக் கறந்தது. சாதாரண ரூபிளுக்கு எதுவும் கிடைக்காத, தங்கத்துக்கும் வெளிநாட்டுப் பணத்துக்கும் மட்டுமே விற்ற 'தோர்க்சின்' கடைகளும் அப்போது இருந்தன. அப்படி ஒரு கடைக்குள் புகுந்து பூனை மாண்டரின் ஆரஞ்சுகளைத் தோலோடு விழுங்கும் காட்சி உங்களுக்காக இன்னும் காத்திருக்கிறது.

புல்ககோவ் 1928வாக்கில் தொடங்கி, 1930இல் முதல் வடிவத்தை எரித்து, பிறகு மறுபடி எழுதி, 1940 மார்ச்சில் இறக்கும் தறுவாயிலும் மனைவி எலேனாவிடம் திருத்தங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 'மஸ்க்வா' இதழில் பல வெட்டுகளோடு வெளிவந்தது 1966-67இல்தான். இந்த விவரங்கள் தெரியாமலும் ரசிக்கலாம். தெரிந்தால் மாஸ்டர் தன் பிரதியை அடுப்பில் போடும் இடம் வேறு மாதிரி கனக்கும்.

பதில் 3: நிழல்வெளி

எல்லோரும் புகழ்வதால் ஒரு மாற்றுக் கருத்து. 23ஆம் அத்தியாயத்தில் வரும் சாத்தானின் விருந்து தேவைக்கு மேல் நீளம். கணப்பிலிருந்து விஷம் வைத்தவர்களும் தூக்கிலிடுபவர்களும் ஒருவர்பின் ஒருவராக வெளிப்பட்டு மார்கரீட்டாவின் முழங்காலில் முத்தமிட்டுப் போவது ஓர் அளவுக்கு மேல் வெறும் பட்டியல். அலுத்தால் பக்கங்களைத் தள்ளிவிடுங்கள்.

பதில் 4: பழைய அலமாரி

நிழல்வெளி அவர்களே, நீளம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தள்ளச் சொல்வதை ஏற்க மாட்டேன். அந்த வரிசையில்தான் ஃபிரீடா வருகிறாள். கைக்குட்டையால் தன் குழந்தையின் மூச்சை அடைத்தவள். அதே கைக்குட்டை 30 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் அவள் மேசையில் வைக்கப்படுகிறது. (ஆற்றங்கரை, முடிவு தெரிய வேண்டாமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.) விருந்து முடிந்ததும் ஒரே ஒரு வரம் கேட்கலாம் என்ற நிலையில், மார்கரீட்டா மாஸ்டரைக் கேட்பதற்குப் பதில், ஃபிரீடாவுக்கு இனி அந்தக் கைக்குட்டையைக் கொடுக்காதீர்கள் என்கிறாள். தான் வாய்விட்டு நம்பிக்கை கொடுத்துவிட்டேனே என்பது மட்டும்தான் காரணம். யேசுவா குற்றமற்றவன் என்று தெரிந்தும், பதவிக்குப் பயந்து தண்டனையை உறுதிசெய்த பிலாத்துவுக்கு நேர் எதிரில் நிற்கும் முடிவு அது. அந்தப் பட்டியலைப் படிக்காமல் தள்ளியவருக்கு, அத்தனை பேரில் ஒருத்தியின் முகம் மட்டும் மார்கரீட்டாவின் மனதில் ஏன் தங்கியது என்பது புரியாது.