குண்டு விழுந்த இடம் வரைக்கும்

கடலூரில் வளர்ந்த யாருக்கும் குண்டு உப்பலவாடி என்ற பெயர் புதிதில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள், குண்டு போய் விழுந்த இடம் வரைக்கும் வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்டான், அதனால்தான் அந்தப் பெயர் என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் அதை அப்படியே நம்பினேன். கல்லூரிக் காலத்தில் கட்டுக்கதை என்று சிரித்தேன். இப்போது மறுபடியும் நம்புகிறேன். நடுவில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் வரலாறு படித்தவன் இல்லை. வங்கியில் முப்பது வருடம் பேரேடு பார்த்தவன். ஓய்வு பெற்றதும் கையில் நேரமும் ஒரு பழைய கணினியும் மிஞ்சின. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னரும் சபையும் கூடிப் பேசியதை எழுதி வைத்த ஆலோசனைக் குறிப்பேடுகளை நூறு வருடங்களுக்கு முன்பே மெட்ராஸ் ரெக்கார்ட் ஆபீஸ், அதாவது இன்றைய எழும்பூர் ஆவணக் காப்பகம், ஆண்டுவாரியாக அச்சிட்டிருக்கிறது. அந்தப் புத்தகங்களின் ஸ்கேன்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1690ஆம் வருடத்துத் தொகுதியைத் திறந்து தேடல் கட்டத்தில் எங்கள் கடலூர்க் கோட்டை இருந்த தேவனாம்பட்டினத்தின் பெயரை ஆங்கிலத்தில் அடித்தேன். ஒன்றுமே வரவில்லை. எழுத்தை மாற்றி மாற்றி அடித்தும் அதே கதை. மூன்றாம் நாள்தான் உறைத்தது: அன்றைய எழுத்தனுக்கு, அதாவது கம்பெனி குமாஸ்தாவுக்கு, நம் எழுத்துக்கூட்டு எப்படித் தெரியும்? அவன் காதில் விழுந்ததை எழுதினான். ஓர் இடத்தில் டெவனபட்டம், இன்னோர் இடத்தில் டெக்னபட்டம். அப்புறம் தேடுவதை விட்டுவிட்டு, பக்கம் பக்கமாகப் புரட்ட ஆரம்பித்தேன்.

கிடைத்தது அப்பா சொன்ன கதையேதான். அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய ராஜாராமுக்கு முகலாயப் படை தலைமேல் நின்றது, பணம் தேவைப்பட்டது. தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையோடு சேர்த்து, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை சுற்றியுள்ள நிலமும் கம்பெனிக்கு என்பது பேச்சு. அப்போது மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். நல்ல பீரங்கியாகப் பார்த்து அனுப்பினார்கள். எப்படி நிரப்பி எப்படிச் சுட்டால் தூரம் போகும் என்பது பீரங்கிக்காரனின் கைத்திறன் என்று வேறு எழுதினார்கள். நிலத்தை வாங்குகிறவனே அளவுச் சங்கிலியையும் பிடித்தால் எப்படி இருக்கும் என்று வங்கிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டுமா? செப்டம்பரில் சுட்டார்கள். கடலூர்ப் பழைய நகரமும் அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது.

சரி, இது வாங்கினவன் எழுதிய கணக்கு. பக்கத்திலேயே பண்டகசாலை வைத்திருந்த டச்சுக்காரன் இதைப் பற்றி என்ன எழுதினான் என்று பார்க்க ஆசை வந்தது. அங்கேதான் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

டச்சுக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத்துத் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு அலமாரிகளை அடைத்துக்கொண்டு இருக்கின்றன. ஜகார்த்தா, கொழும்பு, சென்னை, கேப்டவுன் என்று மற்ற ஊர்களில் இருப்பதையும் சேர்த்து 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் ஏற்றியிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த கடிதக் கட்டுகளை வீட்டிலிருந்தே புரட்டலாம். குளோபலைஸ் என்ற திட்டம் அவற்றில் ஐம்பது லட்சம் பக்கங்கள் அளவுக்குக் கணினியைக் கொண்டு படித்து எழுத்தாக மாற்றியிருக்கிறது. இவ்வளவும் இருந்தும் எனக்கு நாலு மாதம் போனது. காரணம் முழுக்க என் அறியாமைதான்.

முதலில், தேதி. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியை விடவில்லை. கம்பெனியின் டச்சுக்காரர்கள் புதியதைப் பயன்படுத்தினார்கள். பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் பத்து நாள் வித்தியாசம். கோட்டைக் குறிப்பேட்டில் செப்டம்பர் 23 என்றால் டச்சுக் கடிதத்தில் அது அக்டோபர் 3. நான் செப்டம்பர் கடைசி வாரத்தைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். (ஆங்கிலேயப் பேரேட்டில் ஜனவரி, பிப்ரவரி வந்தால் இன்னும் உஷாராக இருங்கள். அவர்களுக்குப் புதுவருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும். அதுவரை பழைய வருடத்தைத்தான் போடுவார்கள்.)

அப்புறம், கட்டு. அந்தக் கடிதங்கள் எழுதப்பட்ட ஆண்டுப்படி அடுக்கப்படவில்லை, ஹாலந்துக்கு வந்து சேர்ந்த ஆண்டுப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. 1690இல் இங்கே எழுதியதைத் தேட அடுத்தடுத்த ஆண்டுக் கட்டுகளுக்குப் போக வேண்டும். இதோடு, அதே 1690இல்தான் அவர்கள் சோழமண்டலத் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். நான் பழவேற்காட்டுத் தலைப்பிலேயே குந்தியிருந்தேன்.

கடைசியில் ஒரு பக்கம் கிடைத்தது. மறுபக்கத்து மை ஊறிப் பாதி எழுத்து தின்னப்பட்டிருக்கிறது. எங்கள் ஊர்ப் பெயரும் 'எங்கெல்சே', அதாவது ஆங்கிலேயர், என்ற சொல்லும் ஒரே வரியில் இருக்கின்றன. மீதியைக் கணினியும் குளறுகிறது, நானும் குளறுகிறேன். ஆனால் அதற்கு அடுத்தடுத்த பக்கங்கள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருந்தன, ஏனென்றால் அவை துணிக்கணக்கு. சலெம்பூரிஸ், மூரிஸ், கினி என்று துணி வகைகள், பக்கத்தில் கோர்ஜ், கோர்ஜாக எண்ணிக்கை. ஒரு கோர்ஜ் என்பது இருபது துணி. விலை பகோடாவில், அதாவது வராகனில். எனக்கு டச்சு தெரியாது, பற்றும் வரவும் தெரியும். பீரங்கியைத் தேடிப் போனவனுக்குத் தறிக்காரர்களின் உழைப்பைத்தான் எண்ணிக் காட்டினார்கள். கம்பெனிக்கு எங்கள் ஊர் என்றால் அதுதான் போலிருக்கிறது. இப்போது தினமும் காலையில் இரண்டு பக்கம் துணிக்கணக்கு படிக்கிறேன்.

* * *

ஐயா, நான் யாழ்ப்பாணம். நாங்கள் டச்சுக்காரரை ஒல்லாந்தர் என்போம். எழுத்தனின் காது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் என் கூத்து நினைவுக்கு வந்தது.

ஸ்வார்தகுரூன் என்ற ஒல்லாந்த அதிகாரி 1697இல் யாழ்ப்பாணப் பட்டினத்து நிர்வாகம் பற்றி எழுதி வைத்த அறிக்கையின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1911இல் கொழும்பில் அச்சானது. அதன் ஸ்கேனில் 'ஊலி' என்றொரு சேவை திரும்பத் திரும்ப வந்தது. ஆங்கில எழுத்தில் பார்த்தால் 'ஆயில்', அதாவது எண்ணெய், மாதிரி இருக்கும். எள்ளு எண்ணெய் மீது ஏதோ வரி என்று நினைத்து இரண்டு நாட்களாகச் செக்குகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அம்மா சமைத்தபடியே, "அது ஊழியமாய் இருக்கும் பிள்ளை" என்றார். அதேதான். ஆண்டில் சில நாட்கள் அரசுக்குக் கூலியின்றிச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் சொல்லே அந்நிய உடுப்புப் போட்டு வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம். புரியாத சொல் வந்தால் முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன். 'நெலி' நெல்லு. 'ஓலா' ஓலை. உங்கள் பக்கத்து ஆங்கிலப் பதிவுகளில் வரும் 'கோனிகோப்ளி' கணக்கப்பிள்ளை. எங்கள் தோம்புகளில், அதாவது காணிப் பதிவேடுகளில், வயற்காணிகளின் பெயர்களையும் இப்படித்தான் ஒவ்வொன்றாக மீட்டேன். அகராதியை விட அம்மா உதவினார்.

* * *

நான் சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறேன். சென்னையில் டச்சு ஆவணங்கள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, நாகப்பட்டினம்தான் இருக்கும் என்ற நினைப்பில் உட்கார்ந்தேன். பட்டியலைப் பிரித்தால் பெரும்பகுதி கொச்சி! 1663இல் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்து, 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்த கொச்சி. அதன் அலுவலகக் காகிதங்கள் கடைசியில் மெட்ராஸ் வந்து சேர்ந்திருக்கின்றன. தலைப்பையே மாற்றிக்கொண்டேன்.

அதில் வீடு விற்ற பத்திரம், தோட்டம் விற்ற பத்திரம் மாதிரியே மனிதர்களை விற்ற பத்திரங்களும் உண்டு. அதே அலுவலக நடை, அதே சாட்சிக் கையெழுத்து. பெரிதாக்கிப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெயர், ஒரு வயது, ஒரு விலை. விற்றபின் பெயரையே மாற்றிவிடுவதும் உண்டு என்பதால் அடுத்த கட்டில் அந்த ஆளைத் தேடினால் கிடைப்பதில்லை. தேடல் கட்டத்தில் எதை அடிப்பது? அன்று அதற்கு மேல் எதையும் படிக்கவில்லை.

* * *

யாழ்ப்பாணத்து மகளே, கடலூர்க்காரன்தான். நீ ஒல்லாந்தர் கையெழுத்து படிப்பாய் போலிருக்கிறதே. அந்தப் பக்கத்தை அனுப்பி வைக்கிறேன். மேலிருந்து ஒன்பதாவது வரி. 'எங்கெல்சே'வுக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல். முடிந்தால் அம்மாவிடமும் ஒரு தடவை காட்டு.