மறு: கலப்பு பின்னக் கழித்தலுக்குச் சொல் – ‘இனமாற்றம்’ போதாதா?

வணக்கம் நண்பர்களே,

கலப்பு பின்னங்களை, அதாவது 5 1/4 போல முழு எண்ணும் பின்னமும் சேர்ந்தவற்றைக் கழிக்கும்போது, பின்னம் போதாவிட்டால் முழுவில் ஒன்றை எடுத்துப் பின்னமாக்குகிறோமே, அந்தப் படிக்குப் பாடத்தில் என்ன சொல் போடுவது என்பதுதான் கேள்வி. ‘இனமாற்றம்’ போதும் என்பது என் கட்சி. இழை நீண்டுகொண்டே போகிறது. என் பக்கத்தை ஒரே மடலில் சொல்லிவிடுகிறேன்.

> ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்றே போட்டுவிடலாமே? எல்லாருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், வம்பே அங்கேதான். கடன் என்றால் பத்து என்று சின்ன வகுப்பிலேயே பிள்ளைகள் மனத்தில் பதிந்துவிடுகிறது. 5 1/4 − 2 3/4 என்று கொடுத்துப் பாருங்கள். ஐந்து நான்காகும், சரி. வாங்கிய ஒன்று நேராகத் தொகுதிக்கு (மேல் எண்ணுக்கு) முன்னால் போய் ஒட்டிக்கொண்டு 11/4 ஆகிவிடும். அதில் 3/4 போக 8/4. விடை 2 8/4. அதாவது ஐந்தேகாலில் இரண்டேமுக்கால் போக நான்கு! எழுதியிருக்க வேண்டியது 4 5/4, விடை இரண்டரை. ஒன்றைப் பிரித்தால் இங்கே நான்கு கால்தான் கிடைக்கும் என்பதைக் ‘கடன்’ சொல்வதே இல்லை. வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை என்பது வேறு கதை.

> மறுகுழுவாக்கம்?

regrouping என்பதன் நேர் மொழிபெயர்ப்பு, பல்லை உடைக்கிறது. குழு என்றதும் எனக்கு விசாரணைக் குழுதான் நினைவுக்கு வருகிறது. வேண்டாம்.

> தகா பின்னமாக (5 1/4-ஐ 21/4 என்பது போல) மாற்றிக் கழித்தால் இந்தச் சொல்லே தேவைப்படாதே?

சின்ன எண்ணுக்குச் சரி. 48 1/6 − 19 3/4 என்று வந்தால்? 289/6, 79/4, அப்புறம் 578/12 − 237/12, அப்புறம் 341/12-ஐ வகுத்து 28 5/12. இதையே 48 2/12-ஐ 47 14/12 என்று எழுதிக்கொண்டால் 19 9/12-ஐக் கழிப்பது ஒரே வரி.

தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புக் கணக்கில் ‘இனமாற்றம் செய்து கழித்தல்’ ஏற்கெனவே புழங்குகிறது. ஒரு பத்தைப் பத்து ஒன்றுகளாக மாற்றுவதும் ஒன்றைப் பன்னிரண்டு பன்னிரண்டில்-ஒரு-பங்குகளாக மாற்றுவதும் ஒரே வேலைதானே? கூட்டும்போது 14/12 வந்தால் 1 2/12 ஆக்குகிறோமே, அதற்கும் இது பொருந்தும். கடன் அந்தத் திசையில் போகவே போகாது.

பகுதி (கீழ் எண்) ஒன்றாக இருந்தால் ஓரினப் பின்னம், வேறாக இருந்தால் வேற்றினப் பின்னம் என்று பாடத்தில் இருக்க, இனமாற்றம் என்றால் பகுதியைச் சமமாக்குவது என்று நினைத்துக்கொள்வார்களே என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி, நானும் இதில்தான் அதிக நேரம் தயங்கினேன். மேலே உள்ள கணக்கையே எடுங்கள். முதலில் ஆறில் ஒன்றும் நான்கில் மூன்றும் பன்னிரண்டின் இனத்துக்கு வருகின்றன. பிறகு முழுவில் ஒன்றும் 12/12 என்று அதே இனத்தில் சேர்கிறது. இரண்டு இடத்திலும் ‘இனம்’ ஒரே பொருளில்தான் நிற்கிறது. ஆனாலும் படிகளுக்குத் தனிப் பெயர் வேண்டும். முதல் படிக்கு ‘ஓரினமாக்கல்’, இரண்டாவதற்கு ‘இனமாற்றம்’ என்று கறாராகப் பிரித்துவிடலாம்.

ஆகவே பாடத் தலைப்பு: ‘கலப்பு பின்னங்களை இனமாற்றம் செய்து கழித்தல்’. இலங்கைப் பாடநூல்களில் ‘கலப்பெண்’ என்பதால் அதையும் இணைச்சொல்லாகச் சேர்க்க வேண்டும். எனக்கு அதுதான் இன்னும் கச்சிதமாகப் படுகிறது, ஆனால் அந்தச் சண்டை வேறு இழையில்.

குறிப்பு வரிக்கு ‘ஒரு முழுவை நான்கு கால்களாகப் பிரி’ என்பது போல ஒவ்வொரு கணக்கிலும் எண்ணைச் சொல்லியே எழுதுவோம். பொதுவாக ‘இனமாற்றம் செய்’ என்று மட்டும் விட்டால் பழைய பத்து மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள்.