வினைல் பொம்மையில் ஏறிய மை, சாயக்கறை: உங்கள் அனுபவம்?

காவேரிக்கரை:
அக்கா பையன் என் பொம்மைக்குப் பால்பாயின்ட் பேனாவால் மீசை வரைந்துவிட்டான். மெத்தென்ற வினைல் முகம், பள்ளிக்கூட நாளிலிருந்து என்னோடு இருப்பது. சோப்பு, பற்பசை எதற்கும் அசையவில்லை. அத்தை சானிடைசரைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்தார். பஞ்சு நீலமானதும் வீடே சந்தோஷப்பட்டது. மறுநாள் காலை வெளிச்சத்தில் பார்த்தால், கோடு போய் உதட்டுக்கு மேலே முழுக்க வெளிர்நீலம் படர்ந்திருந்தது. விரலால் தடவினேன். வழுவழுவென்று இருந்தது, மேலே ஒன்றுமே இல்லை. நிறம் உள்ளே இருக்கிறது! அந்த நொடியை இன்னும் மறக்க முடியவில்லை. இப்படி உள்ளே இறங்கியது யாருக்காவது வெளியே வந்திருக்கிறதா?

தையல்பெட்டி:
எனக்குப் பேனா இல்லை, துணி. ரவிக்கைத் துணியில் மிஞ்சிய சிவப்புப் பிட்டில் பாட்டி என் பொம்மைக்குப் பாவாடை தைத்துக் கொடுத்தார். பல வருஷம் அதுதான் அதன் உடுப்பு. வீடு மாறியபோது கழற்றினேன். இடுப்பிலிருந்து முழங்கால் வரை ரோஸ் நிறம். பாவாடையின் ஒவ்வொரு சுருக்கமும் கோடு கோடாகப் பதிந்திருந்தது. பாட்டி போட்ட நாடா முடிச்சு கூடத் தெரிந்தது. பாட்டி இப்போது இல்லை. நான் அதைத் துடைக்கவில்லை, துடைக்கப் போவதும் இல்லை. கறை என்றாலே போக்கித்தான் ஆக வேண்டுமா?

மாத்திரைச்சீட்டு:
தையல்பெட்டி சொல்வது புரிகிறது, ஆனால் காவேரிக்கரை கேட்டது வேறு. என் மகளின் பொம்மை நெற்றியில் ஸ்கெட்ச் பேனா பொட்டு. க்ரீம் பூசி மூடி வைத்திருந்த பிளாஸ்டிக் தாளை ஒரு காலையில் உரித்தபோது அந்த இடம் சுத்தமாக இருந்தது, அவள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டார் வந்துவிட்டார்கள். அந்த க்ரீம் முகப்பருவுக்குப் போடும் பென்சாயில் பெராக்சைடுதான்.

வினைல் என்பது பிவிசி. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பேனா மையின் சாயமும் துணிச்சாயமும் அதில் கரைந்து உள்ளே போய்விடும். அதனால்தான் தேய்த்துப் பயனில்லை. ஸ்பிரிட், சானிடைசர் எல்லாம் பட்ட உடனே மேலே இருக்கும் மைக்குச் சரி. நாளானால் மையைக் கரைத்துப் பரப்பவும் செய்யும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள், அசிட்டோன் பளபளப்பையே தின்றுவிடும். பெராக்சைடு கறையைச் சுரண்டுவதில்லை, சாயத்தின் நிறத்தைச் சிதைக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் 10% எடுப்பார்கள். நம் மருந்துக்கடையில் 2.5%, 5% ஜெல்தான் சாதாரணமாகக் கிடைக்கும். அது போதும், நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். கறை மேல் மட்டும் பூசி, காயாமல் தாளால் மூடி, தினமும் துடைத்துப் பாருங்கள். உதட்டுச் சாயத்துக்கும் புருவத்துக்கும் முதலில் வாஸ்லின் தடவுங்கள். முடியிலோ உங்கள் துண்டிலோ பட்டால் அங்கும் வெளுக்கும். கறுப்பு மையில் கரித்தூள் இருந்தால் இது வேலை செய்யாது. அப்புறம், முதலில் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துச் சோதியுங்கள்.

மொட்டைமாடி:
மாத்திரைச்சீட்டு, வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லையே! "க்ரீம் பூசி வெயிலில் வை" என்று எங்கோ குளிர்தேசத்தில் எழுதியதைப் படித்துவிட்டு என் கணவர் சித்திரை மாதத்தில் மதுரை மொட்டைமாடியில் வைத்தார். மாலையில் எடுத்தபோது பேனாக் கோடு இல்லை. கன்னத்து ரோஸும் இல்லை. எட்டணா அளவில் வெள்ளை வட்டம், சுற்றிலும் பழைய தோல் நிறம். மகள் அந்த வட்டத்தைத் தொட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். கறையை வெளுத்து எடுக்கலாம், வெளுத்த வினைலுக்கு நிறத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

மாத்திரைச்சீட்டு:
ஒப்புக்கொள்கிறேன் மொட்டைமாடி அக்கா. வெயிலும் சூடும் பெராக்சைடை வேகப்படுத்தும். நம் ஊரில் ஜன்னலோர வெளிச்சமே தாராளம்.

பினாங்குப்பெட்டி:
என்னுடையது மையும் இல்லை, சாயமும் இல்லை. பெரியப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்த பொம்மைக்குச் சித்தி செப்புக் கம்பி வளைத்துக் கம்மல் குத்தினார். அவ்வளவு அழகாக இருந்தது. போன பொங்கலுக்குப் பரணிலிருந்து இறக்கினால், கம்பியைச் சுற்றி இரண்டு காதும் பாசிப்பச்சை. ஒரு பக்கம் தாடை வரை இறங்கியிருந்தது. 1959-இல் வந்த முதல் பார்பிகளுக்கும், அவற்றை அடுத்து வந்தவற்றுக்கும் இதே வியாதி உண்டு, தோட்டின் உலோகம் துருப்பிடித்து வருவது. சேகரிப்பாளர்கள் பச்சைக்காது என்றே சொல்வார்கள். கம்பியை உருவி எடுக்காமல் எந்த க்ரீம் போட்டும் பிரயோஜனமில்லை, பச்சை திரும்ப வரும். நான் கம்பியை எடுத்துவிட்டு ஜெல் பூசினேன். தாடை தெளிந்துவிட்டது, காதுத் துளையைச் சுற்றி இன்னும் நிற்கிறது.

தையல்பெட்டி, கேட்காமல் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். கறை இருக்கட்டும், அது உங்கள் பாட்டியுடையது. பாவாடையை மட்டும் மறுபடி மாட்டிவிடாதீர்கள். சிவப்பு இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கும், இப்போது தெளிவாகத் தெரியும் அந்தச் சுருக்கக் கோடுகளும் முடிச்சும் கலங்கி ஒரே ரோஸாகிவிடும். வேறு உடுப்பு போடுவதென்றால் உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று இருக்கட்டும். சூடான பரணில் வைக்காதீர்கள், சூட்டில் சாயம் வேகமாக நகரும்.