டித்தரிங்: நிறத்தூவலா, விரவலா?

வணக்கம்.

காணொளியை அசையும் ஜிஃப் ஆக்கித் தரும் ஒரு கட்டற்ற மென்பொருளைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். உள்ளே வேலை செய்வதெல்லாம் எஃப்எஃப்எம்பெக் என்ற, காணொளிகளை வடிவம் மாற்றும் கட்டளைவரிக் கருவிதான். இது அதற்கு ஒரு முகப்பு. ஃபிரேமுக்குச் சட்டகம், பேலட்டுக்கு நிறத்தட்டு, லூப்புக்குச் சுழற்சி என்று வைத்துவிட்டேன். டித்தரிங்கில், அதாவது இருக்கிற சில நிறங்களின் புள்ளிகளைக் கலந்து வைத்து இல்லாத இடைநிறத்தைக் காட்டும் உத்தியில், வந்து நின்றுவிட்டது. அகராதி ‘தயக்கம்’, ‘நடுக்கம்’ என்கிறது. ‘நடுக்கம்: உண்டு / இல்லை’ என்று போட்டால் பயனர் மருத்துவரைத் தேடிப் போய்விடுவார். யோசனை சொல்லுங்கள்.

*

> ‘நடுக்கம்: உண்டு / இல்லை’

நிறத்தூவல் எப்படி? கோலப்பொடியைத் தூவுவதுபோல் புள்ளிகளைத் தூவுவதுதானே இது.

(ஒரு துணைக்கேள்வி: அது ஜிஃப்பா, கிஃப்பா?)

*

ஜிஃப்தான். அந்த வடிவத்தை உருவாக்கிய ஸ்டீவ் வில்ஹைட்டே 2013இல் அப்படித்தான் சொன்னார். ஆங்கிலத்தில் எழுதுபவர் எதையும் காட்டிக்கொள்ளாமல் தப்பித்துவிடலாம். தமிழில் எழுதினாலே கட்சி சேர்ந்தாகிவிடுகிறது.

> நிறத்தூவல்

காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு சிக்கல். தனித்தமிழில் எழுதுபவர்களுக்குத் தூவல் என்றால் பேனா. படம் தொடர்பான மென்பொருளில் ‘நிறத்தூவல்’ என்று கண்டால் கலர் பேனா என்றுதான் சொடுக்கிப் பார்ப்பார்கள். இன்னொன்று, தூவுவது என்றால் கைபோன போக்கில் விழுவது. இங்கே நடப்பது அது இல்லை.

ஒரு மாலை வானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காணொளியில் ஆரஞ்சு மெல்ல மெல்ல ஊதாவாகிறது. ஜிஃப்பின் நிறத்தட்டில் 256 நிறங்களுக்கு மேல் கொள்ளாது. 1987இல் வந்த வடிவம், அந்தக் காலத்துக்கு அதுவே தாராளம். மரம், மணல், முகம் எல்லாம் பங்கு கேட்டது போக வானத்துக்கு மிஞ்சுவது பத்துப் பதினைந்து நிறம். வானம் ஜமுக்காளம் மாதிரி பட்டை பட்டையாகிவிடும். அப்போது இரண்டு பட்டைகள் சேரும் இடத்தில் இந்த நிறப் புள்ளிகளுக்கு நடுவே அந்த நிறப் புள்ளிகளை வைக்கிறோம். புதிய நிறம் எதுவும் பிறப்பதில்லை. தள்ளி நின்று பார்க்கிற கண்தான் இடைநிறத்தைக் கண்டுகொள்கிறது.

அதனால் என் பரிந்துரை ‘விரவல்’. விரவுதலுக்குக் கலத்தல் என்றும் பொருள் உண்டுதான். ஆனால் நெல்லோடு பதர் விரவிக் கிடக்கிறது என்றால் பதர் பதராகவேதானே இருக்கிறது? இலக்கணத்தில் விரவுப்பெயர் படித்திருப்போம்: சாத்தன் வந்தான், சாத்தன் வந்தது. இரண்டு திணைக்கும் பொதுவாக ஒரு பெயர்.

வினையாகவும் வளைகிறது: விரவு, விரவிய, விரவாமல். ‘நிறத்தூவலாக்கு’ என்று பொத்தானில் போட்டுப் பாருங்கள், பொத்தானுக்கு மூச்சு முட்டும்.

வகைகளுக்கும் பெயர் வேண்டும். பையர் என்ற முறையில் ஒரே எண் அணியை (மேட்ரிக்ஸ்) படம் முழுக்க ஓடு பதிப்பதுபோல் பதிக்கிறார்கள். அது ‘அணி விரவல்’. 1976இல் வந்த ஃபிளாய்ட்–ஸ்டைன்பெர்க் முறை வேறு. ஒரு புள்ளிக்கு வேண்டிய நிறத்துக்கும் தட்டில் கிடைத்த நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பதினாறு பங்கு போட்டு, வலப்பக்கத்துப் புள்ளிக்கு 7, கீழ்வரிசை மூன்றுக்கும் 3, 5, 1 என்று தள்ளிவிடுகிறது. ‘பிழைப் பகிர்வு’ எனலாம்.

*

> ‘விரவல்’

சரி, மாற்றிவிட்டேன். கையோடு பிழைப் பகிர்வில் ஒரு ஜிஃப்பும் செய்து பார்த்தேன். வானம் மென்மையாக வந்தது, ஆனால் ஓடவிட்டால் புள்ளிகள் சட்டகத்துக்குச் சட்டகம் இடம் மாறி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது. அணி விரவலில் பாய்ப் பின்னல் தெரிகிறது, ஆனால் அசையாமல் நிற்கிறது. இரண்டிலுமே கோப்பு பெருத்துவிடுகிறது. ஒரே நிறம் நீளமாக ஓடினால்தான் ஜிஃப்பின் எல்இசட்டபிள்யூ சுருக்கத்துக்குத் தீனி. விரவினால் அது அறுபட்டுப்போகிறது. ஆகவே உதவிக் குறிப்பில் ‘விரவினால் கோப்பின் அளவு கூடும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

இனி மிச்சம் இருப்பது டிலே. ஒவ்வொரு சட்டகமும் எவ்வளவு நேரம் நிற்கவேண்டும் என்பது, நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். ‘தாமதம்’ என்று போட்டால் மென்பொருளே மெதுவாக ஓடுவதாகத் தோன்றுகிறது. ‘இடைவேளை’ என்றால் டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதைத் தனி இழையில் கேட்கிறேன்.